பச்சையாக நின்ற ஒரு பாத்தி

காசிமீரோ வலைக்கொட்டகையின் பூட்டைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தார். மறு கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

நாற்றுகள் செத்துக்கொண்டிருந்தன. பாத்தி பாத்தியாக இலைகள் சாம்பல் பூத்துச் சுருண்டு, வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி தொங்கின. குனிந்து ஒரு கொத்தைத் தொட்டார். அது கையிலேயே சாய்ந்தது.

"ஐயோ, லுன்டியான்!" என்றார், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

லுன்டியான் அந்த நெல்லின் பெயர். அந்த ஊர்ப் பேச்சில் பச்சை என்று பொருள். போன வருஷம் புயலுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா கருகல் நோய் பாலிட்டே கிராமத்தின் வயல்களை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டது. அறுத்த கதிரில் முக்கால்வாசி பதர். வைக்கோலை எருமைகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. இளைஞர்கள் பாதிப் பேர் மணிலாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். இன்னொரு வருஷம் அப்படி ஆனால் மிச்சமிருப்பவர்களும் போக வேண்டியதுதான். அதனால் கூட்டுறவுச் சங்கம் ஆராய்ச்சி நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி, கருகலைத் தாங்கும் மரபணு உள்ள இந்தப் புது விதையை வாங்கி வந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே கொட்டகையில் நாற்று, குடும்பத்துக்கு ஒரு பாத்தி. காவல் காசிமீரோ. ஒரே சாவி. அது அவர் கழுத்துக் கயிற்றில், மாதா பதக்கத்தோடு உரசிக்கொண்டு தொங்கியது.

காலைக் காப்பி ஆறுவதற்குள் ஊர் கூடிவிட்டது.

சங்கத் தலைவி பாசியாங் முதலில் வந்தாள். குரலும் உடம்பும் பெரிய பெண். போன தேர்தலில் யாரோ கொடுத்த, வேட்பாளர் முகம் அச்சடித்த கறுப்புச் சட்டைதான் எப்போதும் போட்டிருப்பாள். நடவு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அதுவே. பின்னாலேயே சங்கத்தின் செயலாளர் கிரிசாந்தோ வந்தார். வேளாண்மை படித்தவர். ஊர் அவரை டெக்னிசியன் என்றுதான் கூப்பிடும்.

கிரிசாந்தோ ஒரு வாடிய இலையைத் துண்டாக வெட்டி, கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரில் நிறுத்தி, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வெட்டு வாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெல்லத் தண்ணீரில் இறங்கியது.

"பாத்துக்கங்க. இதுதான் கிருமி. கருகல் நோயேதான்" என்றார். "லுன்டியானுக்குக் கருகல் வராது. இதுக்கு வந்திருக்கு. அப்ப இது லுன்டியான் இல்ல. அவ்வளவுதான் கணக்கு."

பிறகு எல்லோரும் காசிமீரோவைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீ என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்" என்றாள் பாசியாங். "என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அசல் விதையை எவன்கிட்ட தள்ளிவிட்டே?"

"பாசியாங், சத்தியமா நான்..."

"இங்க வந்து பாருங்க!" என்று கொட்டகையின் கோடியிலிருந்து ஒருவன் கத்தினான். "இந்தப் பாத்தி மட்டும் ஜம்முனு நிக்குது!"

உண்மைதான். சாவுக்கு நடுவே ஒரே ஒரு பாத்தி பளிச்சென்ற பச்சையில் நின்றது. பக்கத்தில் நட்டிருந்த மூங்கில் பட்டையில் லோலிங் என்று எழுதியிருந்தது.

லோலிங் விதவை. காசிமீரோ மனைவியை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டுக் கூரையில் ஏதாவது ஒரு தகடு பெயர்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய அவர் ஏறுவார். ஊருக்கே தெரியும்.

"காவல்காரர் மனசு எந்தப் பாத்தியில இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு!" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை. யாரோ ஒரு மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். அது காசிமீரோவின் நெற்றியில் பட்டு உடைந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் யாருக்கோ போலீஸ் ஞாபகம் வந்தது.

*

சார்ஜென்ட் ஹெர்மினியா டும்லாவ் டவுனில் பிறந்தவர். அப்பா ஜீப்னி என்ற சின்ன பஸ் ஓட்டினார். அதனால் நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது வெந்து தட்டுக்கு வரும் என்பதுதான். அதை அவர் மறைப்பதுமில்லை.

"என்னை முட்டாள்னு நினைச்சுக்கிட்டு முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் பாசியாங்கிடம். "இலை நுனி எல்லாம் முடி வெட்டின மாதிரி ஒரே மட்டமா இருக்கே, ஏன்?"

"நாங்க வெட்டினது, சார்ஜென்ட்டம்மா. இந்தத் தடவையும் புயல்ல வயல் முங்கிப் போச்சு, நடவு தள்ளிப் போச்சு. நாத்து ரொம்ப உயரமாப் போச்சுன்னா நட்டதும் சாஞ்சிடும். அதான் நுனியைக் கத்தரிச்சோம். எப்பவும் செய்யறதுதான்."

"எப்போ?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம். பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க பாத்தியை வெட்டினோம். டெக்னிசியன்தான் டவுன்ல இருந்து நல்ல கத்தரிக்கோலா வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அருவாள்ல அறுத்தா நாத்து நைஞ்சிடுமாம். மருந்துத் தண்ணிகூட அவரே வாளியில தூக்கிட்டு வந்தாரு, கத்தரிக்கோலை முக்கி முக்கி வெட்டறதுக்கு."

"கொட்டகையை யார் திறந்தது?"

"காசிமீரோ அண்ணன்தான். சாயந்திரம் அவரே பூட்டினாரு. அதுக்கப்புறம் அவரைத் தவிர ஒரு ஈகூட உள்ள போகலே."

ஹெர்மினியா பாத்திகளுக்கு இடையே குனிந்து நடந்தார். வாடல் மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. வெட்டிய நுனியில் வைக்கோல் நிறம், அதற்குக் கீழே சாம்பல், அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. கொட்டகை வாசலில் கைப்பம்பு ஒன்று இருந்தது. அதை ஒரு தடவை அடித்தார். தண்ணீர் தாராளமாக வந்தது. சேறான பூட்ஸைக் கழுவிக்கொண்டார்.

கிரிசாந்தோ அவருக்காகக் காத்திருந்தார்.

"சார்ஜென்ட், தாமதிக்கக் கூடாது. எல்லாத்தையும் இன்னிக்கே பிடுங்கி எரிச்சிடணும். இல்லேன்னா பக்கத்து ஊருக்கும் பரவும்."

"பச்சையா இருக்கற பாத்தியையுமா?"

"அதையும்தான். எதையும் விட்டுவைக்கக் கூடாது."

"விதை மோசடின்னு நீங்கதான புகார்ல கையெழுத்துப் போட்டீங்க? சாட்சியை எரிக்கச் சொல்றீங்களே, ஐயா." அவர் மஞ்சள் நாடாவை எடுத்து வாசலில் கட்டச் சொன்னார். "ஒரு நாத்தையும் தொடக் கூடாது."

*

ஸ்டேஷனில் காசிமீரோவைக் கம்பிக்குப் பின்னால் வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் இருந்த சோறும் பொரித்த கருவாடும் தொடப்படாமல் இருந்தன.

"நாத்து வாடறது இன்னிக்குத்தான் தெரியுமா?"

"இல்லம்மா. முந்தாநாளே நுனி காய ஆரம்பிச்சுது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலே?"

"சொன்னா உண்மையாயிடுமோன்னு பயம்."

"விதை மூட்டைக்கு முத்திரை இருந்ததா?"

"ஆராய்ச்சி நிலையத்து முத்திரையோட வந்துது. எல்லார் முன்னாடியும்தான் பிரிச்சேன். பாதி மூட்டை இன்னும் அறையில இருக்கு. அதையும் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. நான் ஒண்ணும் பண்ணலே."

"லோலிங் பாத்திக்கு மட்டும் வேற விதை போட்டீங்களா?"

"அவளுக்குன்னு தனியா ஏதாவது செய்யணும்னு எனக்குத் தோணினது வாஸ்தவம்" என்றார் காசிமீரோ. காது மடல் சிவந்தது. "ஆனா அது நெல்லு விஷயத்துல இல்ல."

அப்போது கதவு திறந்தது. லோலிங்தான். தோளில் துணிப்பை, கையில் பிளாஸ்க். சின்ன உருவம், ஆனால் வாசலில் நின்ற போலீஸ்காரனை ஒரு பார்வையிலேயே ஒதுங்க வைத்துவிட்டு வந்தாள்.

"கருவாட்டை அவரு தின்னமாட்டாரு. முள்ளு குத்தும்னு பயம்" என்று சொல்லிக்கொண்டே வலது கையால் கோப்பையைப் பிடித்து, இடது கையால் காப்பியை ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "சார்ஜென்ட்டம்மா, உங்களுக்கும் ஊத்தட்டுமா? என்னையும் கைது பண்றதா இருந்தா குடிச்சிட்டுப் பண்ணுங்க. சூடு ஆறிடும்."

"உங்க பாத்தி மட்டும் ஏன் நல்லா இருக்கு?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? அந்தப் பாத்தியால என் மானம் சந்தி சிரிக்குது. அதுவும் செத்துத் தொலைஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

ஹெர்மினியா காப்பியை வாங்கிக் குடித்தார். பிறகு மூன்று பொட்டலங்களை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். ஒன்றில் வாடிய நாற்று, ஒன்றில் லோலிங் பாத்தி நாற்று, ஒன்றில் மூட்டையில் மீதமிருந்த விதை.

*

அந்த வாரக் கடைசியில் நிலையத்திலிருந்து டாக்டர் யுமாங் போன் செய்தார். பயிர் நோய் ஆராய்ச்சி செய்யும் அம்மாள். பேச்சில் அவசரமே கிடையாது.

"மூணையும் மரபணுச் சோதனை பண்ணிட்டோம், சார்ஜென்ட். மூணும் ஒண்ணுதான். மூணுமே அசல் லுன்டியான்."

ஹெர்மினியா நாற்காலியில் நிமிர்ந்தார். "செத்ததும் அசலா?"

"செத்ததும்தான்."

"அப்ப கருகல் எப்படி வந்தது? வராதுன்னுதான உங்ககிட்ட வாங்கினாங்க?"

"வளர்ந்த பயிருக்கு வராது. அந்த மரபணு ஆப்பிரிக்காவுல ஒரு காட்டு நெல்லுல இருந்து எடுத்தது. நாத்துப் பருவத்துல அது அரைத் தூக்கத்துல இருக்கும். பயிர் பக்கத் தண்டு விட்டுத் தூர் கட்டும்போதுதான் முழுசா முழிச்சுக்கும். சாதாரணமா வயல்ல நோய் தாக்கறதும் அந்தச் சமயத்துலதான். அதனால விவசாயிக்கு ஒரு குறையும் தெரியாது."

"இப்ப வாடிக் கிடக்கறது பிழைக்குமா?"

"அடியில உயிர் இருக்கறதை எல்லாம் நடச் சொல்லுங்க. நிறைய மீண்டு வந்துடும். மூட்டையில மிச்சம் இருக்கறதையும் உடனே முளைகட்டச் சொல்லுங்க. இன்னும் பருவம் தப்பலே."

காசிமீரோ எதையும் திருடவில்லை என்று தெரிந்துவிட்டது; போனை வைத்ததும் ஹெர்மினியா கொஞ்சநேரம் சிரித்தார். தனியாகத்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. விதை ஒன்று, கொட்டகை ஒன்று, மண் ஒன்று, தண்ணீர் ஒன்று. மேலே பிளாஸ்டிக் கூரை, சுற்றிலும் வலை; உள்ளே மழைச்சாரல்கூட விழாது. அப்படியிருக்க ஒரு பாத்தி மட்டும் தப்பியது எப்படி?

தொப்பியை எடுத்துக்கொண்டு நேராக லோலிங் வீட்டுக்குப் போனார்.

"அன்னிக்கு நாத்து நுனியை எதால வெட்டினீங்க?"

"என் சமையல் கத்தியாலதான்."

"டெக்னிசியன் குடுத்த கத்தரிக்கோல்?"

"அது எனக்கு வெட்டாதும்மா. நான் இடது கைப் பழக்கம். கடையில விக்கற கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்காரங்களுக்குன்னு பண்ணினது. நான் பிடிச்சா இலையை மடிக்கும், வெட்டாது. பாசியாங்கூட 'பீச்சாங்கைக்காரிக்கு ஊரோட ஒத்துப்போகத் தெரியாது'ன்னு கேலி பண்ணினா."

"கத்தியை அந்த மருந்துத் தண்ணியில முக்கினீங்களா?"

"எதுக்கு? வீட்டுலயே நல்லாத் தேய்ச்சுக் கழுவி எடுத்துட்டுப் போனேன்."

ஹெர்மினியா எழுந்தார். "இன்னிக்குச் சாயந்திரம் சங்கத்துக் கட்டடத்துக்கு வாங்க. எல்லாரையும் வரச் சொல்லப் போறேன். பாசியாங்கை அந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."

"அவகிட்ட வேற சட்டை இருந்தாத்தான அதைச் சொல்லணும்" என்றாள் லோலிங்.

*

சங்கத்துக் கட்டடத்தில் உட்கார இடமில்லை. ஜன்னல் வழியாகவும் தலைகள் தெரிந்தன. காசிமீரோ முன்வரிசையில், இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக, தனியாக உட்கார்ந்திருந்தார். லோலிங் நேராக வந்து அதில் ஒன்றில் உட்கார்ந்தாள்.

ஹெர்மினியா சோதனை முடிவைச் சொன்னார். எல்லாமே அசல் விதை. யாரும் எதையும் விற்கவில்லை. மிச்ச மூட்டையும் அப்படியே இருக்கிறது.

முணுமுணுப்பு அலை மாதிரி எழுந்தது. காசிமீரோ கண்ணை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் கீழே இறங்கின.

"ஆனா யாரோ ஒருத்தர் நாத்துக்கு நோயை ஏத்தியிருக்காங்க" என்று தொடர்ந்தார் ஹெர்மினியா. "டெக்னிசியன் ஐயா, அந்த வாளியில என்ன மருந்து கலந்திருந்தீங்க?"

கிரிசாந்தோ தயங்கவில்லை. "பிளீச்சிங் பவுடர். கத்தரிக்கோல்ல கிருமி ஒட்டாம இருக்கறதுக்கு. எந்தப் புத்தகத்துலயும் இருக்கும்."

"தண்ணி எப்படி இருந்தது, பாசியாங்?"

"கலங்கலா, கொஞ்சம் மஞ்சளா. மருந்துன்னா அப்படித்தான இருக்கும்னு நினைச்சேன்."

"நிறைய போட்டீங்களா, ஐயா?"

"நல்லாவே போட்டேன். குறைச்சாப் பலன் இருக்காது."

"பாசியாங், அன்னிக்குக் கத்தரிக்கோல் ஈரத்தை எதுல துடைச்சீங்க?"

"எதுல துடைப்பேன்? சட்டையிலதான். முக்குறது, வெட்டுறது, வயித்துல தேய்க்கிறது. நாள் பூரா அதுதான். வயிறெல்லாம் சொதசொதன்னு ஆயிடுச்சு."

"இந்தச் சட்டையிலயா?"

"இதேதான்."

"எழுந்து நில்லுங்க."

பாசியாங் எழுந்தாள். எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். சட்டை கன்னங்கரேலென்று இருந்தது. வேட்பாளர் முகம்கூட மங்கவில்லை.

"பிளீச்சிங் தண்ணி ஒரு சொட்டு பட்டாலே கறுப்புத் துணியில செம்பட்டைத் திட்டு விழும்" என்றார் ஹெர்மினியா. "துணி துவைக்கிற எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும். நாள் பூரா நனைஞ்ச சட்டையில ஒரு பொட்டுகூட இல்ல."

பின்னால் இருந்த பெண்கள் "ஆமா!" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"வாளியில இருந்தது மருந்து இல்ல. நோய் வந்த இலையை நசுக்கிக் கரைச்ச தண்ணி. ஆராய்ச்சி நிலையத்துல பயிருக்கு வேணும்னே நோய் ஏத்திப் பாக்கறது இப்படித்தானாம். கத்தரிக்கோலை அதுல முக்கி இலை நுனியை வெட்டுவாங்களாம். டாக்டர் யுமாங்கிட்ட இன்னிக்கு மத்தியானம் திரும்பக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கொட்டகை வாசல்லயே பம்பு இருக்கு. ஆனா நீங்க வீட்டுல இருந்து வாளியைச் சுமந்துக்கிட்டு வந்தீங்க. அங்க வச்சுக் கலக்கினா யாராவது பாத்திருப்பாங்க. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்ல. பட்டப்பகல்ல, ஊர்ப் பொம்பளைங்க கையாலயே செஞ்சு முடிச்சிட்டீங்க. தப்பினது ஒரே பாத்தி. உங்க கத்தரிக்கோல் அந்த அம்மா இடது கைக்கு வெட்டலே."

கிரிசாந்தோவின் முகம் அசையவில்லை. "சட்டை ஒரு சாட்சியா?"

"இன்னொண்ணும் இருக்கு. பச்சைப் பாத்தியையும் சேர்த்து அன்னிக்கே எரிக்கணும்னு நின்னீங்க. அது எனக்கு அப்பவே உறுத்திச்சு. நோய் பரவும்னு பயந்தவர் நோயே இல்லாத பாத்தியை ஏன் எரிக்கணும்? லுன்டியான் வயசுக்கு வந்தா நோயை உதறிட்டு எழுந்துடும்னு உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் விட்டுவச்சா உங்க பொய் வயல்ல பச்சையா நிக்கும். அதனாலதான் அவசரம்."



"கருகல் இலை எங்க இருந்து கிடைச்சது?" என்று பாசியாங் கேட்டாள். அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "இப்ப ஊர்ல எங்கயும் பயிரே இல்லையே."

"என் வீட்டுக் கொல்லையில" என்றார் கிரிசாந்தோ. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பழைய ரகத்தை இன்னும் கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன்."

எல்லோருக்கும் அது தெரிந்த கதை. சில வருஷங்களுக்கு முன்னால் இதே கட்டடத்தில், கருகல் வராது என்று சொல்லி ஒரு ரகத்தை அவர்தான் கொண்டு வந்தார். முதல் இரண்டு போகம் நன்றாகத்தான் வந்தது. பிறகு கிருமி மாறிக்கொண்டது. அதிலிருந்த எதிர்ப்பு மரபணுவைத் தாண்டக் கற்றுக்கொண்டது. போன வருஷம் ஊரை அழித்தது அந்த ரகம்தான்.

"சந்தையில என்னைப் பாத்தா 'கருகல் வர்றாரு'ன்னு சொல்வீங்க" என்றார். "என் மகன் பள்ளிக்கூடத்துல சண்டை போட்டுட்டு வந்தான். நான் பொய் சொல்லலே. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். கிருமி மாறும்னு நான் என்ன கனவா கண்டேன்? இந்த லுன்டியான் மட்டும் ஜெயிச்சா, நான் செத்தாலும் அந்தப் பேரோடதான் சாவேன்னு தோணிச்சு. ரெண்டுமே தோத்தா... எவரோட விதையும் தோக்கும்னு ஆயிடும்ல? போலி விதைன்னு சொன்னா என்மேல சந்தேகம் வராதுன்னு நினைச்சேன்."

"அதுக்கு என் பிள்ளையோட ஞானத்தகப்பனை மண்ணாங்கட்டியால அடிக்க விட்டியா?" என்றாள் பாசியாங்.

ஹெர்மினியா விலங்கை எடுக்கவில்லை. கிரிசாந்தோவின் தோளில் கை வைத்ததும் அவரே எழுந்து ஜீப்புக்கு நடந்தார். கூட்டம் வழிவிட்டது. யாரும் எதையும் எறியவில்லை. கேலிப் பெயரைக் கண்டுபிடித்தவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பாசியாங் காசிமீரோவின் முன்னால் வந்து நின்றாள். என்ன செய்வது என்று தெரியாமல், அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள், பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற மாதிரி.

"ஏய், நான் உன்னைவிட ரெண்டு வயசுதான் மூத்தவன்" என்றார் காசிமீரோ.

"பரவாயில்ல, இரு" என்றாள் பாசியாங். அழுதுகொண்டிருந்தாள்.

*

உயிர் இருந்த நாற்றுகளை நட்டார்கள். மிச்ச விதையையும் முளைகட்டி விட்டார்கள். இந்தத் தடவை யாரும் நுனியை வெட்டவில்லை. வாடி நின்ற கொத்துகள் முதலில் பிடிவாதமாகப் பழுப்பாகவே இருந்தன. பிறகு நடுவிலிருந்து ஒரு புது இலை வந்தது. அப்புறம் இன்னொன்று.

தூர் கட்டி முடித்த சமயத்தில் புயல் ஒன்று அடித்தது. இரண்டு நாள் காற்று, இலைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது. கருகலுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. கொஞ்ச நாளில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் வயல்களின் ஓரம் மஞ்சளாகியது, பிறகு வெளுத்தது. பாலிட்டேயில் பெண்கள் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் வரப்புக்குப் போய்ப் பார்த்தார்கள். இலைகளின் கிழிந்த ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் காய்ந்திருந்தது. அதற்குமேல் ஒரு துளிகூட நகரவில்லை.

டாக்டர் யுமாங் வந்து வயல் முழுக்க நடந்து பார்த்தார். ஒவ்வொரு வயலிலும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் வரப்பில் ஏறி, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த தடவை இன்னும் இரண்டு மரபணு சேர்த்த விதை தருவதாகவும், கிருமி மாறினாலும் மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்டுவது கஷ்டம் என்றும் பாசியாங்கிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஹெர்மினியாவும் வந்திருந்தார். வழக்கு விஷயமாகக் காசிமீரோவிடம் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

"அவரு எங்க?"

லோலிங் மோவாயால் காட்டினாள். நாலு மூங்கில் கால்மேல் ஓலை வேய்ந்த வயல் பரணில் காசிமீரோ மல்லாந்து படுத்திருந்தார். தொப்பி முகத்தின்மேல் கிடந்தது. குறட்டை வரப்பு வரைக்கும் கேட்டது. சுற்றிலும் நெல் இடுப்பு உயரம் நின்றது.

"டாக்டரம்மா 'நல்லா இருக்கு'ன்னு சொன்னதும் போய்ப் படுத்தவருதான்" என்றாள் லோலிங். "நாத்து விட்டதுல இருந்து இந்த மனுஷன் ஒரு நாள் ஒழுங்காத் தூங்கலே."

ஹெர்மினியா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வர்றேன்" என்றார் மெதுவாக.